படம் ஏன் மங்குகிறது?



புதுச்சேரியில் வாழ்கிறவர்களுக்குப் பெரிய மார்க்கெட்டைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும் வெளியூர் நேயர்களுக்காகச் சில சொற்கள் கூறிவிடுகிறேன். நேரு வீதியிலிருந்து உள்ளே நுழைந்தால் பூவும் பழமும், காய்கறியும் மளிகையும், மீனும் கருவாடுமாக ஓர் ஊரே அங்கே அடங்கிக் கிடக்கும். பிரெஞ்சுக்காரர் காலத்து அங்காடி அது. 1963ஆம் ஆண்டில் புதுச்சேரியின் முதலாவது முதலமைச்சராகப் பதவியேற்ற எதுவார் குபேர் அவர்களின் பெயர் அதற்கு வழங்கப்பட்டிருந்தாலும், மக்கள் நாவில் அது என்றும் பெரிய மார்க்கெட்தான்.

அங்கே எனக்குப் பழக்கமான மீன்கார அம்மையார் ஒருவர் இருக்கிறார். காலையில் வந்திறங்கும் மீனைக் கைப்பேசியில் படம் பிடித்து, வாடிக்கை வீடுகளுக்கு அனுப்புவது அவர் வழக்கம். படத்தைப் பார்த்து வேண்டியதைச் சொல்லிவிடுவார்கள். மீன் வீடு போய்ச் சேரும். சென்ற மாதம் ஒரு நாள் அவர் முகம் வாடியிருந்தது.

“ஐயா, இந்தப் போன்ல எடுக்கிற படமெல்லாம் புகை மூடினாப்போல இருக்குது. பழைய மீனான்னு கேக்கிறாங்க. கடையில காட்டினேன். கேமராவே போயிடுச்சாம், மாத்த 3,000 ரூபாய் ஆகுமாம்” என்றார்.

அவர் கவலை நியாயமானதே. மங்கிய படத்தில் அன்று பிடித்த வஞ்சிரமும் முந்தாநாள் மீனாகத்தான் தெரியும். கைப்பேசியை வாங்கிப் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். லென்ஸ் எனப்படும் அச்சிறு கண்ணாடியின்மேல் மீன் எண்ணெய் படலமாகப் படிந்திருந்தது; ஓரத்தில் ஒரு செதில்கூட ஒட்டியிருந்தது. என் கைக்குட்டையின் முனையைச் சிறிது நனைத்து, அழுத்தாமல் துடைத்து, உலர்ந்த முனையால் மீண்டும் ஒருமுறை துடைத்துக் கொடுத்தேன். அடுத்த படத்தில் மீனின் செதில்கள் வெள்ளிபோல் மின்னின. 3,000 ரூபாய் அவருடைய சுருக்குப் பையிலேயே தங்கிற்று.

இதை என் திறமையைக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் கையாண்ட முறை ஒன்றுண்டு. மாணவன் போட்ட கணக்கில் விடை பிழையாக வந்தால், அவன் அறிவைக் குறை கூறுவதற்கு முன், கரும்பலகையில் இருந்த வினாவைச் சரியாக எழுதிக்கொண்டானா என்று பார்ப்போம். பிழைகளில் பெரும்பகுதி அங்கேயே அகப்பட்டுவிடும். கைப்பேசிக் கேமராவுக்கும் இதே முறைதான். வெளியிலிருந்து உள்ளே செல்ல வேண்டும். முதலில் கண்ணாடி, அடுத்து வெளிச்சம், பின்பு நம் கை, அதன் பிறகு தூரம். இவை நான்கையும் பார்த்த பின்னரே கருவியைச் சந்தேகிக்கலாம்.

கண்ணாடியைத் துடைப்பதிலும் ஒரு முறை உண்டு. உப்பும் மணலும் ஒட்டிய முந்தானையால் அழுந்தத் தேய்க்கக் கூடாது. கடற்கரை மணல் கண்ணாடியில் கீறல் விழச் செய்யும். விழுந்த கீறலைத் துடைத்து நீக்க இயலாது. முதலில் மெல்ல ஊதித் தூசியைப் போக்கிவிட்டு, மென்மையான பருத்தித் துணியால் துடைப்பதே தக்கது. புதிதாக வாங்கிய கைப்பேசியில் காப்புத் தாள் ஒட்டியபடியே இருக்கிறதா என்றும் காண வேண்டும். பிளாஷ் போட்டு எடுக்கும் படம் மட்டும் வெளுத்துப் போகிறதென்றால், உறையைக் கழற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பொருந்தாத உறையின் விளிம்பில் பட்ட ஒளி லென்ஸுக்குள்ளேயே திரும்பி விழுவதுண்டு. குளிரூட்டிய கடையிலிருந்து நம் கடலோரப் புழுக்கத்துக்கு வந்தவுடன் எடுத்த படம் பனி மூடியதுபோல் இருந்தால் அஞ்ச வேண்டாம். குளிர்ந்த கண்ணாடியில் காற்றின் ஈரம் படிவதே காரணம். சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் அது தானே விலகும்.

அடுத்தது வெளிச்சம். மார்க்கெட்டின் உட்பகுதி நம் கண்ணுக்குப் போதிய வெளிச்சமாகவே தோன்றும், கேமராவுக்கு அவ்வாறில்லை. நல்ல வெயிலில் ஒரு நொடியின் 1,000இல் ஒரு பங்கு நேரம் ஒளியைப் பெற்றாலே அதற்குப் போதும். கூரையின் கீழே அந்தி நேரத்தில் 10இல் அல்லது 20இல் ஒரு பங்கு நேரம் தேவைப்படலாம். அதற்குள் கை அசைந்தாலும் படம் கலங்கும். எதிரில் இருப்பவர் அசைந்தாலும் கலங்கும்.

இதற்கு உலகப் புகழ் பெற்ற சான்று ஒன்று உண்டு. பிரெஞ்சு நாட்டு லூயி தாகெர் என்பவர் 1838ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பெருந்தெரு ஒன்றை, தாம் கண்டுபிடித்த முறையில், உயரத்திலிருந்து படம் பிடித்தார். வண்டியும் மனிதரும் நிறைந்த தெரு அது. ஆயினும் படத்தில் தெரு ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடக்கிறது! ஒளி பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்டதால், நடமாடியவர் எவரும் பதியவில்லை. ஒரு மூலையில் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டு அசையாமல் நின்ற ஒருவர் பதிந்தார். தாகெர் தம் கருவியை நம் பெரிய மார்க்கெட்டில் வைத்திருந்தால், தூண்களும் கூரையும் பதிந்திருக்கும். கூவி விற்பவரும் பேரம் பேசுபவரும் மறைந்திருப்பார்கள்.

இவ்வுண்மையை நான் காலம் கடந்தே உணர்ந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் என் அக்காவுடன் பூக்கடைப் பக்கம் சென்றிருந்தேன். கதம்பம் வாங்கியவர், பூக்காரப் பெண் ஏதோ கேலியாகச் சொல்லவும், வாய்விட்டுச் சிரித்தார். எளிதில் சிரிக்கும் இயல்பினர் அல்லர் அவர். அவசரமாகக் கைப்பேசியை எடுத்து, ஒரு கையால் பிடித்து, நடந்தபடியே அழுத்தினேன். படம் இழுபட்டுக் கலங்கியிருந்தது. பிறகு நன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். மறு ஆண்டில் அவர் மறைந்தார். சிரித்த முகத்துடன் அவருக்கு இருக்கும் படம் அது ஒன்றே.

மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் கணினி முறைகள் இக்காலத்தில் வந்திருக்கின்றன. என் மகன் அப்படத்தை அவ்வாறு திருத்திக் காட்டினான். கூர்மையான, அழகிய முகம் ஒன்று திரையில் தோன்றிற்று. அது என் அக்காவின் முகமாக இல்லை. படத்தில் பதியாத விவரத்தை அம்முறைகள் மீட்டுத் தருவதில்லை. பல முகங்களைக் கண்டு கற்றதைக் கொண்டு ஊகித்து வரைகின்றன. பழைய கலங்கல் படத்தையே நான் வைத்திருக்கிறேன்.

ஆதலால் அந்தி நேரத்தில் படம் எடுப்போர்க்கு என் வேண்டுகோள் இது: நடப்பதை நிறுத்துங்கள். கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அருகில் தூண் இருந்தால் சாய்ந்துகொள்ளுங்கள். ஒன்றுக்கு நான்காகப் படம் எடுங்கள். இரவு முறையை வைத்திருந்தால், கருவி பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கும் வரையில் கையை அசைக்காதீர்கள். எதிரில் நிற்பவரையும் ஒரு கணம் அசையாதிருக்கச் சொல்லுங்கள். பிளாஷ் விளக்கின் ஒளி சில அடி தூரமே பயன்படும். அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட் முழுவதையும் பிடிக்க முயல்வது, அகல் விளக்கைக் கொண்டு கடலைக் காட்டுவது போலாகும்.

வெளிச்சம் மிகுதியாக இருப்பதாலும் படம் கெடும். வெயில் அடிக்கும் வாயிலுக்கு முன்னே ஒருவரை நிறுத்தி எடுத்தால் அவர் முகம் கறுத்துவிடுகிறது. கேமரா பின்னாலுள்ள வெயிலுக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்வதே காரணம். திரையில் அவர் முகத்தின்மேல் விரலால் ஒருமுறை தொடுங்கள். முகத்துக்கு ஏற்ப அது மாறும். வாயிலை நோக்கி அவரைத் திருப்பி நிறுத்துவது இன்னும் எளிது.

தூரத்தைப் பற்றியும் ஒரு சொல். மல்லிகை மொட்டைப் பெரிதாகக் காட்டும் ஆசையில் கைப்பேசியை அதனருகே கொண்டுபோய் முட்டவைத்தால் படம் கூர்மை பெறாது. நம் கண்ணுக்கு மிக அருகில் புத்தகத்தைப் பிடித்தால் எழுத்துத் தெரிவதில்லை அன்றோ? ஒரு சாண், இரு சாண் பின்னே வந்து, பூவின்மேல் தொட்டு, பிறகு அழுத்துங்கள். அதேபோல் தொலைவிலுள்ள மணிக்கூண்டை விரலால் திரையில் இழுத்துப் பெரிதாக்கினால், பல கைப்பேசிகளில் படம் பெரிதாகுமே அன்றி விவரம் கூடாது. இயன்றால் நான்கடி நடந்து அருகே செல்வதே மேல்.

சிலர், “திரையில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன, கேமரா பழுதாகிவிட்டது” என்பார்கள். கடைகளின் மின்விளக்கின்கீழ் மட்டும் கோடு தோன்றி, வெயிலில் மறைந்தால், குற்றம் கேமராவினுடையதன்று. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. ஆதலின் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கி எரிகின்றன. கண் அதை உணர்வதில்லை. கேமராவோ படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் பதிவு செய்கிறது. விளக்கு தணிந்த நேரத்து வரிகள் கறுத்துத் தோன்றுகின்றன. பல கைப்பேசிகளின் கேமரா அமைப்புகளில், விளக்கின் துடிப்பைத் தவிர்க்கும் இடத்தில் 50 என்று வைத்துக்கொள்ள வழி உண்டு. மீனும் பழமும் விநோத நிறமாக விழுந்தால், தலைக்குமேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்களா என்று நிமிர்ந்து பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தாயிற்று, கேமரா திறக்கவே மறுக்கிறது, அல்லது திரை முழுதும் இருளாக இருக்கிறது என்றால் என் செய்வது? கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்குங்கள். வேறொரு செயலி கேமராவைப் பிடித்து வைத்திருந்தால் விட்டுவிடும். சேமிக்க இடம் இருக்கிறதா, கேமராவைப் பயன்படுத்த அச்செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வெயிலில் கிடந்து சூடேறியிருந்தால் நிழலில் ஆறவிடுங்கள். பிறகு முன்கேமராவையும் பின்கேமராவையும் மாற்றி மாற்றிச் சோதியுங்கள். எந்தச் செயலியில் திறந்தாலும் ஒரு பக்கம் மட்டும் இருளாகவே இருக்குமானால், அப்பொழுது கருவியின் உறுப்பில் பழுது இருக்கக்கூடும். அதற்குப் பணம் செலவிடுவது முறையே.

இன்னுமொன்று. இருசக்கர வண்டியின் கைப்பிடியில் கைப்பேசியை மாட்டிச் செல்லும் வழக்கம் நம் ஊரில் பெருகியிருக்கிறது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் நுண்ணிய உறுப்புகள் சில கேமராக்களில் உண்டு. ஆற்றல் மிக்க மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு அவற்றின் திறனைக் குறைக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ஆம் ஆண்டில் தன் ஐபோன்களைக் குறித்து எச்சரித்தது. வலிய காந்தமும் அத்தகைய உறுப்புகளின் வேலையைக் குலைக்கும்.

பழுது பார்க்கக் கொடுக்கும் முன், படங்களை வேறோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். தொடக்க நிலைக்கு மாற்றினால் சரியாகும் என்று சொல்வார்கள். அவ்வாறு மாற்றும்போது கைப்பேசியிலுள்ள படங்கள் அனைத்தும் அழிந்துவிடும். கேமரா பிழைத்துப் படங்கள் மாண்டால் யாருக்கு என்ன பயன்?

நேயர்களே, நம் ஊரில் 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனம், தென்னாட்டுக் கோயில்களையும் சிற்பங்களையும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களாகத் தொகுத்துக் காத்துவருகிறது. கல்லில் வடித்தவற்றுக்கே படம் தேவைப்படுகிறது என்றால், மனிதர்க்குச் சொல்லவும் வேண்டுமோ? பெரிய மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவது பற்றிய பேச்சும், அதற்கு வணிகர்கள் தெரிவித்த எதிர்ப்பும் அண்மை ஆண்டுகளில் ஊரறிந்தவை. கட்டடம் எவ்வாறாயினும், அங்கே இன்று கூடை வைத்து அமர்ந்திருக்கும் முகங்கள் என்றும் அப்படியே இருக்கப்போவதில்லை.

அந்த மீன்கார அம்மையார் இப்பொழுது தம் கூடைக்கருகில் சுத்தமான துணித் துண்டு ஒன்றை மடித்து வைத்திருக்கிறார். காலையில் கையைக் கழுவித் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, பிறகுதான் மீனைப் படம் பிடிக்கிறார். நேற்று என்னைப் பார்த்து, “ஐயா, என்னையும் ஒண்ணு எடுங்க, பேத்திக்கு அனுப்பணும்” என்றார். அவரை வெளிச்சத்தின் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, நான் தூணில் சாய்ந்து நின்று, நான்கு படங்கள் எடுத்தேன். நான்கும் தெளிவாக விழுந்தன.

இன்று வீட்டிலுள்ள முதியவர் ஒருவரை வாசல் வெளிச்சத்தில் அமர்த்தி, உங்கள் கேமராவைச் சோதித்துப் பாருங்கள். பழுதிருந்தால் இப்பொழுதே தெரிந்துவிடும். இல்லையேல், ஒரு நல்ல படம் உங்களிடம் இருக்கும்.