சிறு ஒப்பந்தக்காரரின் சனிக்கிழமை



திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1960 ஏப்ரல் முதல் நாளில். எல்லைக்கோடு மாறியதே அன்றி, மக்களின் போக்குவரவு மாறவில்லை. இவ்வூரில் வீடு கட்டும் இடத்தில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே கேட்கும். இங்குச் சிறு கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் பெரிய நிறுவனங்களுக்கு நடுவே நிலைத்து நிற்பது எதனால்?

விலையைக் குறைப்பதால் என்பர் பலர். வீட்டுக்காரர் மூவரிடம் ‘சதுர அடிக்கு என்ன?’ என்று கேட்டு, குறைத்துச் சொன்னவரிடமே வேலையை ஒப்படைக்கிறார். குறைத்துச் சொன்னவர் அதை எங்கேனும் ஈடுகட்டியாக வேண்டுமே! அதற்கு வசதியான இடம் க்யூரிங். வீடுகளுக்கு மிகுதியும் வாங்கப்படும் பி.பி.சி. சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 456 தரவிதி. நான்காம் நாளே நீர் விடுவதை நிறுத்தினால் ஓர் ஆள் கூலி மிச்சம்; தளத்தின் வலிமை குறைந்தது அன்று எவர் கண்ணுக்கும் புலப்படாது.

உண்மையான போட்டி நடப்பது சனிக்கிழமை மாலையில். வாரக்கூலி தவறாது கைக்கு வந்தால், கொத்தனாரும் சித்தாளும் திங்களன்று அதே வேலைக்கு வருவர். தவறினால், சென்னைக்கு மின்சார ரயில் இருக்கிறது. திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஆலைக் கட்டடங்களும் இருக்கின்றன. ஆள் போனபின் சென்ட்ரிங் பலகையின் வாடகை மட்டும் நாள்தோறும் ஏறும். பெரிய நிறுவனத்துக்கு வங்கி கைகொடுக்கும். சிறியவருக்கு வீட்டுக்காரர் தரும் தவணையே முதல். அது இரண்டு வாரம் தாமதித்தால் அவர் வட்டிக்கு வாங்குகிறார். அல்லது மற்றொருவர் தந்த முன்பணத்தை இந்த வீட்டில் இடுகிறார். இரண்டு வீடுகளும் பாதியில் நிற்பதற்கு அதுவே தொடக்கம். பழி முழுவதும் ஒப்பந்தக்காரர்மேல் விழுகிறது. தாமதித்த வீட்டுக்காரரை எவரும் கேட்பதில்லை.

ஆகவே, வீடு கட்ட விழையும் குடும்பத்தார் விலையை மட்டும் கேட்டு அமையலாகாது. அவர் முன்பு கட்டி, சில மழைக்காலம் கண்ட வீடொன்றின் மொட்டை மாடியை ஏறிப் பார்க்கலாம். மேஸ்திரி எத்தனை ஆண்டாக அவருடன் இருக்கிறார் என்று விசாரிக்கலாம். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.89 கிலோ இருக்க வேண்டும்; எடை போட்டுக் காட்டத் தயங்காதவர் நம்பத்தக்கவர். தவணை நாள்களை எழுதி இருவரும் கையொப்பமிடுதல் நன்று. ஆடிக் கிருத்திகையின்போது காவடிக் கூட்டத்தினூடே ஜல்லி லாரி ஊருக்குள் நுழைவது அரிது. அந்த நாள்களையும் கழித்துக் கெடு சொல்பவர், சதுர அடிக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் தரலாம்.