புழுவின் பெயரை அறிதல்



புழு என்றதும் முகம் சுளிப்பது மனித இயல்பு. ஆயினும் சிறு புழு ஒன்றின் சரியான பெயரை அறிய அறிஞர் எத்துணை உழைக்கின்றனர் என்பதையும், ஓர் உயிரின் நலம் அப்பெயரை எவ்வாறு சார்ந்துள்ளது என்பதையும் இன்று எடுத்துக்கூற விரும்புகிறேன். இதற்கு எடுத்துக்காட்டாக நான் கொண்டது, அமெரிக்கக் காடுகளில் வாழும் ஒப்போசம் என்னும் விலங்கு.

ஒப்போசம் பூனையளவு இருக்கும். கங்காருவைப் போலக் குட்டிகளை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும். மெக்சிகோவுக்கு வடக்கே காடுகளில் வாழும் பைப்பாலூட்டி இஃது ஒன்றே. ஏறத்தாழ 13 நாளே கருவில் தங்கிப் பிறக்கும் குட்டி, பையினுள் புகுந்து பால் குடித்து வளர்கிறது. வளர்ந்தபின் அது உண்ணாத பொருள் இல்லை எனலாம். வண்டு, நத்தை, தவளை, எலி, பழம், செத்த விலங்கு, மக்கள் எறியும் மிச்சில் யாவும் அதற்கு உணவே. அவ்வுணவோடு புழுக்களின் இளநிலைகளும் உட்செல்கின்றன. ஆகவே அதன் உடல் பலவகை ஒட்டுண்ணிப் புழுக்களுக்குச் சத்திரமாகிறது.

இப்புழுக்களை அடையாளம் காண்பது எப்படி? உயிருள்ள விலங்காயின் அதன் மலத்தை ஆராய்வர். நம் உழவர் விதைநெல்லை உப்புநீரில் இட்டுப் பதரை மிதக்கவிட்டு நீக்குவர் அல்லவா? அதே முறைதான் இங்கும். மலத்தைச் செறிந்த உப்புக் கரைசலிலோ சர்க்கரைக் கரைசலிலோ கலக்கினால், இலேசான முட்டைகள் மேலே வரும். அவற்றை மெல்லிய கண்ணாடியில் ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் காண்பர். சாட்டைப்புழுவின் முட்டை, இரு முனையிலும் அடைப்பு வைத்த பீப்பாய் போன்றது. தட்டைப்புழுக்களின் கனத்த முட்டைகளோ எளிதில் மிதவா. அவற்றை அடிப்படிவில் தேடவேண்டும்.

நுரையீரல் புழுவின் கதை வேறு. ஒப்போசத்தின் நுரையீரலில் வாழும் டிடெல்ஃபோஸ்ட்ராங்கைலஸ் ஹேயெசி என்னும் புழுவைப் பிரெஸ்ட்வுட் என்ற அறிஞர் 1976ஆம் ஆண்டில் விவரித்தார். அதன் இளம்புழுக்கள் மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, மலத்தோடு வெளியேறும். மலத்தைத் துணியிலிட்டுப் புனலில் உள்ள வெதுவெதுப்பான நீரில் தோயவிட்டால், அவை நெளிந்து வெளிப்பட்டுப் புனலின் அடியில் சேரும். நத்தைகளே இப்புழுவை ஒப்போசத்துக்குக் கொண்டு சேர்ப்பவை.

முட்டையைக் கண்டவுடன் முடிவு கூறிவிடலாமா? கூடாது. ஒப்போசம் தின்ற எலியின் குடலிலிருந்த புழு முட்டைகள், செரியாமல் அப்படியே வெளிவருவதும் உண்டு. அவை உண்ட உணவின் எச்சமேயன்றி, ஒப்போசத்தின் நோய் அல்ல. ஒரே வடிவ முட்டையைப் பல இனங்கள் இடுவதும் உண்டு. ஆதலால் உறுதியான முடிவுக்கு முதிர்ந்த புழுவே வேண்டும்.

சாலையில் அடிபட்டு இறந்த விலங்குகள் இதற்கு உதவுகின்றன. எந்தப் புழு எந்த உறுப்பில் கிடைத்தது என்று முதலில் குறித்துக்கொள்வர். பின்னர் உருளைப்புழுவைச் சூடான சாராயக் கரைசலில் இடுவர். அவ்வாறு செய்தால் அது சுருளாமல் நீண்டு நிற்கும். இரைப்பையில் தடித்த புழு ஒன்று கிடைத்து, அதன் தலையில் பற்களுடைய இரு பெரிய உதடுகள் காணப்படின், அது ஃபைசலோப்டெரா குடும்பத்தது. அதன் இளநிலை பூச்சிகளில் வளர்வது. பெருங்குடலின் தொடக்கத்தில் வாழ்ந்து, தொண்டையில் பல் வரிசைகள் கொண்டிருப்பது குரூசியா. பிரேசில் நாட்டு அறிஞர் டிராவாசோஸ் இப்பெயரை 1917ஆம் ஆண்டில் அமைத்தார். இவ்வாறு சரியாக அறியப்பட்ட புழு, அவ்விலங்கு எங்கே திரிந்தது, எதை உண்டது என்பதற்கும் சான்றாகிறது.

இத்துணை நுட்பம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தாய் வண்டியில் அடிபட்டு மாண்டபின், மக்களால் எடுத்து வளர்க்கப்படும் குட்டிகள் பல. அவற்றுள் ஒன்று இளைத்து இருமுகிறது என்று கொள்வோம். நாடாப்புழுவையும் தட்டைப்புழுவையும் ஒழிக்கும் பிராசிக்வான்டெல் என்னும் மருந்து உருளைப்புழுவை ஒன்றும் செய்யாது. நுரையீரல் புழுவால் வாடும் குட்டிக்கு அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், இழந்த நாட்களை மீட்க இயலாது. பெயர் தவறினால் மருந்தும் தவறும். மருந்து தவறினால் உயிர் போகும்.

இந்நாளில் மரபணுவின் எழுத்து வரிசையைக் கொண்டும் இனத்தை அறிகின்றனர். ஆயினும் அவ்வரிசையை ஒப்பிட்டுப் பார்க்க, முன்பே கண்ணால் ஆராய்ந்து பெயரிடப்பட்ட புழு ஒன்று வேண்டும். கருவி புதிதாயினும் கண்ணின் பணி ஓயவில்லை.

பல்லாண்டு ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். விடையை முந்திக்கொண்டு கூறும் மாணவனைக் காட்டிலும், இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கூறுகிறேன் என்னும் மாணவனே அறிவியலுக்கு ஏற்றவன். பொருளை உற்றுநோக்குங்கள், கண்டதைக் கண்டவாறு எழுதுங்கள், அதன்பின் பெயர் சொல்லுங்கள்.