என்னை வளர்த்த மூன்று இசைத்தொகுப்புகள்

 

என்னை வளர்த்த இசைத்தொகுப்புகளைப் பற்றிப் பேசப் பணித்தீர்கள். மூன்றினைச் சொல்ல விழைகிறேன். முதலாவதன் சொற்கள் எனக்குப் புரியவில்லை. இரண்டாவதில் சொற்களே இல்லை. மூன்றாவதன் சொற்களெல்லாம் எனக்குத் தெரியும் என்று எண்ணியிருந்தேன்.

முதலாவது, எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடி, 1963இல் எச்.எம்.வி. இசைத்தட்டாக வந்த வேங்கடேச சுப்ரபாதம். என் அன்னையார் இவ்வூரில் பூக்கட்டி விற்றவர், எழுத்தறியாதவர். விடியலில் தேநீர்க்கடை ஒலிபெருக்கியில் அது எழும்போது, அவர்தம் விரல்கள் அதன் நடைக்கேற்ப நாரை முடியும். அதை இயற்றிய பிரதிவாதி பயங்கரம் அண்ணன், இந்தத் திருப்பெரும்புதூரில் தோன்றிய இராமாநுசரின் மரபில் வந்த மணவாள மாமுனிகளின் மாணாக்கர் என்பதை நான் பின்னாளில் படித்தறிந்தேன். அன்னையாருக்கு அவ்வடமொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் எங்கே குரல் தாழும், எங்கே எழும் என்பதை என்னினும் நன்கறிவார்.

இரண்டாவது, இளையராஜா அவர்கள் 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’. தியாகராசருக்கும் செர்மானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்ட படைப்பு அது. பள்ளி நாளில் என் தமிழாசிரியை இல்லத்தில் அவ்வொலிநாடாவைக் கேட்டேன். வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஒலித்துக்கொண்டே இருந்தது. “பாட்டு எப்போது தொடங்கும்?” என்றேன். ஆசிரியை நகைத்தார். கல்லூரியில் தொல்காப்பியச் செய்யுளியலின் இருபது வண்ணங்களைப் பயின்றபோது மற்றவர் அவற்றை மனப்பாடம் செய்தனர். எனக்கோ அந்த வயலின் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது, 2005இல் அவரே புடாபெசுட்டு சிம்பொனி இசைக்குழுவுடன் உருவாக்கிய திருவாசகம். அப்போது நான் மணிவாசகரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஐம்பத்தொரு பகுதிகளுக்கும் யாப்பு வகுத்து, அட்டவணையிட்டு வைத்திருந்தேன். குறுந்தகட்டை ஒலிக்கவிட்டு, குறிப்பெடுக்க அமர்ந்தேன். சற்று நேரத்தில் திரும்பிப் பார்த்தால், அன்னையாரின் மடியில் பூ அப்படியே கிடந்தது, கண்கள் நிறைந்திருந்தன.

“இதத்தான் இத்தன நாளாப் படிக்கிறியாம்மா? ஒருநாள்கூட எனக்குப் படிச்சுக் காட்டலையே!”

அவையீரே, மறுமொழி சொல்ல என்னிடம் ஏதுமில்லை. புரியாது என்று நானே முடிவு செய்திருந்தேன். அன்றிரவு தொடங்கி, நாளும் ஒரு பகுதியாக வாய்விட்டுப் படித்தேன். அட்டவணையில் நான் காணாத இடங்களிலெல்லாம் அவர் “நிறுத்து, திரும்பச் சொல்லு” என்றார். என் ஆய்வேட்டின் ஓசை பற்றிய இயல், அவர் நிறுத்தச் சொன்ன இடங்களைப் பின்பற்றி எழுந்ததே. பட்டம் பெற்ற நாளில் அவர் இல்லை. நன்றியுரையில் அவர் பெயரை எழுதினேன்; ஆயினும் அவ்வியலில் அவர் பங்கு இன்னதென்று எழுதத் துணியவில்லை. இன்று இம்மேடையில் சொல்லிவிட்டேன்.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் இரவுப்பணி முடித்து, உறங்காமல் கூட்டத்திற்கு வரும் கவிஞர்கள் உள்ளனர். அவர்தம் கவிதைகளைப் படியெடுத்து வழங்குகிறோம். கண்ணால் படித்து மடித்து வைக்கிறோம். இனி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுதியவரே எழுந்து வாய்விட்டுப் படிக்கட்டும். அதற்கும் முன்பாக, கவிதை நமக்கு எதற்கு என்றிருக்கும் ஒருவருக்கு வீட்டில் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள். அவர் எங்கே நிறுத்தச் சொல்கிறார் என்று கேளுங்கள்.