அரசு வீட்டின் சாவி

அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் விற்பனைக்கு நிற்கும் சில வீடுகளுக்குள் தரகர் டார்ச் விளக்கோடுதான் நுழைவார். மின்சாரம் இருக்காது. குழாயைத் திருகினால் தண்ணீர் வராது. கழிப்பறைக் கிண்ணத்தில் மட்டும் இளஞ்சிவப்பாக ஒரு திரவம் நிற்கும். பனிக்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்காதிருக்க ஊற்றிவைத்த மருந்து அது. வீட்டின் சொந்தக்காரர், அமெரிக்க அரசு.

அரசின் கைக்கு வீடு எப்படி வந்தது? 1934-இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், கையில் பெரிய முன்பணம் இல்லாதவர்களின் வீட்டுக் கடனுக்குக் காப்பீடு தருகிறது. வேலை போய், நோய் வந்து, தவணை தவறி வீடு ஜப்தியானால் வங்கிக்குக் காப்பீட்டுப் பணம் கிடைத்துவிடும். வீடு, 1965-இல் உருவான வீட்டுவசதித் துறையிடம் போய்ச் சேரும். ‘ஹட்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒரு குடும்பம் மனம் உடைந்து காலி செய்த இடம் என்பதைத் தரகர் மறக்கக் கூடாது.

‘ஹட் ஹோம்ஸ்டோர்’ இணையதளத்தில் வீடுகளை யாரும் பார்க்கலாம். விலை கேட்பது மட்டும் பதிவு பெற்ற தரகர் வழியாகத்தான். அதற்குத் தரகு நிறுவனம் ஹட்டிடம் விண்ணப்பித்து அடையாள எண் வாங்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

திறமை வெளிப்படும் இடம் கணக்கு. ஹட் பார்ப்பது சொன்ன விலையை அல்ல, செலவு போகத் தன் கைக்கு வருவதை. ஒருவர் 1,20,000 டாலர் சொல்கிறார். தரகு 3 சதவீதம், பத்திரச் செலவுக்கு ஹட்டிடம் இன்னொரு 3 சதவீதம் கேட்கிறார். இரண்டும் போக 1,12,800 டாலர். இன்னொருவர் சொல்வது 1,17,000 தான். ஆனால் பத்திரச் செலவைத் தானே ஏற்கிறார். தரகு போக 1,13,490 டாலர். குறைவாகச் சொன்னவருக்கே வீடு! இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லும் தரகர் கிடைப்பது வாங்குபவரின் பாக்கியம்.

வீட்டை உள்ளது உள்ளபடிதான் தருவார்கள். ஓட்டை ஒழுகலுக்கு ஹட் பொறுப்பேற்காது. 1978-க்கு முன் கட்டியதென்றால் சுவர்ப் பூச்சில் ஈயம் இருக்கலாம், குழந்தைகளுக்கு ஆபத்து. ஆகவே ஆய்வாளரை வைத்துப் பார்க்கச் சொல்வது தரகரின் முதல் கடமை. அந்தச் செலவு வாங்குபவருடையது.

குடியிருக்க வாங்குபவர்களுக்கே முதல் வாய்ப்பு, முதலீட்டாளர்கள் பிறகுதான். நியாயமான ஏற்பாடு இது. 12 மாதமாவது அங்கே வசிப்பேன் என்று வாங்குபவர் உறுதிமொழி தர வேண்டும், தரகரும் கையெழுத்திடுகிறார். பொய் என்று தெரிந்தால் 2,50,000 டாலர் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. கமிஷனுக்காக முதலீட்டாளரைக் குடியிருப்பவராகக் காட்டுகிற தரகர், வாடகை வீட்டில் காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் முறையைப் பறிக்கிறார்.

ஆசிரியர், காவலர், தீயணைப்பு வீரர், அவசர மருத்துவ ஊழியர் ஆகியோருக்குத் தனித் திட்டமும் உண்டு. சீரமைப்புப் பகுதிகளில் பட்டியல் விலையில் பாதிக்கே வீடு. பலர் கேட்டால் குலுக்கல். 1,20,000 டாலர் வீட்டைப் பள்ளி ஆசிரியை ஒருவர் 60,000-க்கு வாங்கினால், மீதிப் பாதி வட்டியோ தவணையோ இல்லாத அடமானமாகப் பதிவாகும். அங்கேயே குடியிருக்கிறேன் என்று ஆண்டுதோறும் அவர் எழுதித் தர வேண்டும். 36 மாதம் நிறைந்ததும் அந்த அடமானம் நீங்கிவிடும்.