பறக்குமுன் தரையில் ஒரு பரிசோதனை
(பரிசளிப்பு விழா உரை)



1955-இல் அமெரிக்காவில் இகோர் பென்சன் என்பவர், வீட்டிலேயே கட்டக்கூடிய சிறு கைரோ விமானத்தைப் பறக்கவிட்டார். பின்னாலுள்ள இன்ஜின் அதைத் தள்ளும். தலைமேல் உள்ள விசிறியையோ, ஓலைக் காற்றாடியைப் போல, எதிர்க்காற்றே சுற்றும்.

கட்டி முடித்ததும் ஏறிப் பறந்துவிடலாமா? கூடாது. தோளில் கம்பு வைத்துப் பால்வாளி சுமந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு வாளி கனத்தால் நடையே ஆடிப்போகும். விசிறியின் இரண்டு இறக்கைகளும் அப்படித்தான். எடை பிசகினால் விமானமே உதறும். ஆகவே முதலில் அவற்றைச் சமன் செய்ய வேண்டும். பிறகு ஓட்டுபவரை உட்காரவைத்து, விசிறித் தலையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, மூக்கு எவ்வளவு சாய்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு யாரும் கைதட்டுவதில்லை. ஆனால் உயிர் நிற்பது இதில்தான்.

இன்று பரிசு கிடைக்காத பிள்ளைகளே, நீங்கள் இன்னும் தரையில் சமன் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். பெற்றோர்களே, அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.