வைல்ட்ஃபெல் மாளிகையின் குடித்தனக்காரி



காதல் நவீனங்களுள் பெரும்பாலானவை மணமேடையோடு முடிந்துவிடுகின்றன. மணமேடைக்கு அப்பால் ஒரு பெண் அடைந்த துன்பத்தையும், அத்துன்பத்தினின்று தன்னைத் தானே விடுவித்துக்கொண்டு அவள் புதியதொரு வாழ்வைத் தொடங்கிய விதத்தையும், அதற்குப் பிறகே அவளை நாடி வந்த காதலையும் பொருளாகக் கொண்டு, யார்க்‌ஷயர்ப் பிரதேசத்தில் வளர்ந்த பாதிரியார் மகளொருத்தி, தமது 28-ஆம் வயதில், ஆக்டன் பெல் என்ற புனைபெயரோடு 1848-ஆம் ஆண்டில் வெளியிட்ட நவீனத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் ஆன் ப்ரான்டே. தமக்கையர் சார்லட், எமிலி இருவருடைய கீர்த்தியின் பின்னே நெடுங்காலம் மறைந்து கிடந்த இந்நூலை, சார்லட்டின் ‘ஜேன் அயர்’ நவீனத்துக்குச் சமமாகவே வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பாழடைந்து கிடந்த பழைய மாளிகையொன்றில், விதவை என்று சொல்லிக்கொள்ளும் ஹெலன் கிரஹாம் என்னும் இளம்பெண், ஐந்து வயது மகனோடும் முதிய பணிப்பெண்ணோடும் குடிவருகிறாள்; ஓவியங்கள் தீட்டி லண்டனுக்கு அனுப்பி விற்று ஜீவனம் நடத்துகிறாள்; ஆனால், தான் இருக்கும் இடம் வெளியே தெரிந்துவிடலாகாது என்று படங்களுக்கு வேற்றூர்ப் பெயர்களை இடுகிறாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? வீட்டுக்காரனோடு அவளைச் சம்பந்தப்படுத்தி அபவாதம் கிளம்புகிறது. அவள்மீது காதல் கொண்ட கில்பர்ட் மார்க்கம் என்னும் இளம் குடியானவன், அவ்வீட்டுக்காரன் அவளுடைய உடன்பிறந்தவன் என்பதை அறியாமல், பொறாமையால் மதியிழந்து, அவனைச் சவுக்கின் பிடியால் அடித்து வீழ்த்துகிறான். அதன் பின்னரே ஹெலன் தன் நாட்குறிப்பை அவன் கையில் கொடுக்கிறாள்.

நூலில் பாதிக்கு மேற்பட்ட பகுதி அந்த நாட்குறிப்புத்தான். ஆர்தர் ஹண்டிங்டனைத் தன் அன்பினால் திருத்திவிடலாம் என்று நம்பி மணந்துகொண்டதும், அவன் குடியிலும் பிறன்மனை நயத்தலிலும் அமிழ்ந்து, பச்சிளம் பாலகனுக்கு மதுவையும் வசைமொழியையும் வேடிக்கையாகக் கற்பித்ததும், சித்திரத் தொழிலால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவள் இரகசியமாகத் திட்டமிட்டபோது அவன் அதைக் கண்டுகொண்டு அவளுடைய வர்ணங்களையும் தூரிகைகளையும் நெருப்பிலிட்டதும், எவ்வித மழுப்பலுமின்றி அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. இவ்வளவுக்கும் பிறகு மகனோடு அவள் தப்பியோடுவது எத்தகைய துணிச்சல் என்பதை உணர அக்காலத்துச் சட்டத்தை நினைவுகொள்ள வேண்டும். மனைவி உழைத்துச் சம்பாதித்த பொருள் கணவனுக்கே உரியது. அந்நிலை மாறத் தொடங்கியது 1870-இல்தான். கதை நிகழும் 1820-களில் பெற்ற பிள்ளையின்மேலும் தாய்க்குப் பாத்தியதை இல்லை. முழு விவாகரத்தோ பார்லிமெண்டில் தனி மசோதா நிறைவேற்ற வல்ல செல்வருக்கு மட்டுமே கைகூடுவதாக இருந்தது. ஆகவே அவள் விற்ற ஒவ்வொரு படமும், அவள் அருகில் உறங்கிய குழந்தையும், சட்டத்தின் கண்ணில் அவள் கணவனிடமிருந்து கவர்ந்த பொருள்களே.

இந்தப் பூர்வ கதையைக் காலமுறைப்படி முதலிலேயே சொல்லியிருந்தால் நாம் ஹெலனுக்காக இரங்கியிருப்போம், அவ்வளவே. ஆசிரியரோ அதை நடுவில் வைத்ததனால், அவள் இரங்கத்தக்கவள் என்று அறியுமுன்பே மதிக்கத்தக்கவள் என்று அறிந்துவிடுகிறோம். ஊராரோடு சேர்ந்து சிறிது சந்தேகித்தவர்கள், கில்பர்ட்டைப் போலவே, வாசிக்க வாசிக்க நாணுகிறார்கள். தன்னைப் பற்றிக் கில்பர்ட் நேரில் விளக்கம் கேட்டபோது வாதாடாமல், நொந்த காலத்தில் எழுதிய எழுத்தையே அவள் சாட்சியாக அளிப்பதும், அவனைக் குறித்து எழுதியிருந்த கடைசி ஏடுகளை மட்டும் கிழித்துக்கொண்டு கொடுப்பதும் எத்தனை நுட்பமானவை! கடந்துபோன துயரத்தை அவன் அறியலாம். துளிர்க்கும் அன்பை அறிய அவனுக்கு இன்னும் தகுதி வரவில்லை.

கில்பர்ட் அவளுக்கு ஈடானவனல்லன் என்ற குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். அவனுடைய முன்கோபம் இறுதிவரை என் மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. நோயுற்ற கணவனுக்குப் பணிவிடை செய்ய அவள் திரும்பிப் போவதைக் குறையென்போரோடு மட்டும் நான் உடன்படேன். மகன்மீது தனக்குள்ள உரிமையை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டாலன்றித் தந்தையின் கண்ணில் பிள்ளையைக் காட்டுவதில்லை என்று அவள் நிபந்தனை விதிக்கிறாள். பழைய அடிமையாக அவள் திரும்பவில்லை. கணவன் இறந்து, மாமனின் சொத்தும் அவளுக்கு வந்து சேர்ந்தபின், தன் ஏழ்மையை எண்ணிக் கில்பர்ட் தயங்கி நிற்க, மறுமணத்துக்கு வழி திறப்பவளும் ஹெலனே.

தமையன் பிரான்வெல் குடியால் அழிந்துகொண்டிருந்த வீட்டிலிருந்து எழுந்த இந்நூலை முரட்டு நூல் என்று விமர்சகர் சிலர் பழித்தனர். உண்மையைச் சொல்லவே எழுதியதாக இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் ஆன் பதிலுரைத்தார். 1849 மே மாதம் ஸ்கார்பரோ நகரில் அவர் மறைந்த பிறகு, இப்பொருளைத் தேர்ந்ததே பிழை என்று கருதிய சார்லட் மறுபதிப்புக்கு இசையவில்லை. பின்னர் 1854-இல் வந்த மலிவுப் பதிப்பில், கில்பர்ட் தன் நண்பன் ஹால்ஃபோர்டுக்கு எழுதும் தொடக்கக் கடிதம் முதலாகப் பல பகுதிகள் வெட்டப்பட்டன. அச்சிதைந்த பிரதியை ஒட்டியே பல பதிப்புகள் நெடுங்காலம் உலவின. எனவே நூலை வாங்கும் நேயர்கள், அக்கடிதம் முதற்பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.