காலவெளி: கணிதக் கட்டமைப்பா, புறநிலை மெய்ம்மையா?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1908ஆம் ஆண்டு ஐரோப்பாவில் இரண்டு பணிகள் நடைபெற்றன. நாடுகடந்து ஜெனீவாவில் வாழ்ந்த லெனின், ‘பொருள்முதல்வாதமும் அனுபவவாத விமர்சனமும்’ என்னும் நூலை எழுதிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று, ஜெர்மனியின் கொலோன் நகரில், கணிதவியலாளர் ஹெர்மான் மின்கோவ்ஸ்கி வெளியையும் காலத்தையும் நாற்பரிமாணம் கொண்ட ஒரே காலவெளியாக இணைத்து முன்வைத்தார். லெனினது நூலில் மின்கோவ்ஸ்கியின் பெயர் இல்லை. ஐன்ஸ்டீனின் பெயரும் இல்லை. எனினும் இரு பணிகளும் ஒரே வினாவைத் தொட்டன. வெளியும் காலமும் மனித மனத்துக்கு வெளியே நிலவுகின்றனவா? அல்லது மனிதன் தன் வசதிக்காக வகுத்துக்கொண்ட ஏற்பாடுகளா?

எர்ன்ஸ்ட் மாக் இரண்டாவது விடையின் பக்கம் நின்றார். அவருக்கு வெளியும் காலமும் புலனுணர்வுகளின் ஒழுங்கமைவுகள். லெனின் இதனை மறுத்தார். மனிதன் தோன்றுவதற்கு முன்பே பூமி இருந்தது. அது எவருடைய புலனுணர்வின் ஒழுங்கில் இருந்தது? வெளியும் காலமும் பருப்பொருள் நிலவும் புறநிலை வடிவங்கள். அவை பற்றிய மனிதக் கருத்துகளே மாறுகின்றன, வளர்கின்றன என்பது லெனினது நிலைப்பாடு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நியூட்டனின் தனிமுதல் வெளியை 1883ஆம் ஆண்டிலேயே விமர்சித்தவர் இதே மாக். அவ்விமர்சனம் தமக்குத் துணைபுரிந்ததை ஐன்ஸ்டீன் ஒப்புக்கொண்டார். தத்துவத்தில் தவறியவரும் இயற்பியலில் சரியான கேள்வியை எழுப்பக்கூடும்.

இதில் கணிதம் எது, மெய்ம்மை எது? நிலப்படத்தில் தீர்க்கரேகைகள் வரையப்பட்டுள்ளன. கிரீன்விச் வழியே செல்வதே தொடக்கக் கோடு என்பது 1884ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாட்டின் முடிவு. வேறு நகரைத் தேர்ந்திருந்தாலும் தவறில்லை. ஆனால் பூமி உருண்டையானது என்பது எந்த மாநாட்டின் தீர்மானமும் அன்று. காலவெளியிலும் அவ்வாறே. ஆயத்தொலைவுகள் மனிதர் வகுத்தவை, விருப்பம்போல் மாற்றத்தக்கவை. அவற்றை எப்படி மாற்றினாலும் மறையாமல் எஞ்சும் வளைவு மனிதர் வகுத்ததன்று.

நியூட்டனின் வெளி ஓர் அரங்கம். அதில் பொருள்கள் இயங்கின, அரங்கம் அசையவில்லை. 1915ஆம் ஆண்டு ஐன்ஸ்டீன் நிறைவுசெய்த பொதுச் சார்பியல் கோட்பாட்டில் அரங்கமும் இயக்கத்தில் பங்குகொள்கிறது. பருப்பொருளால் காலவெளி வளைகிறது. அவ்வளைவு பருப்பொருளின் பாதையைத் தீர்மானிக்கிறது. செயல்படுவதும் செயலுக்கு உள்ளாவதுமான ஒன்றை வெறும் குறியீடு என ஒதுக்குவது எளிதன்று.

உண்மையின் உரைகல் நடைமுறை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றிலுள்ள அணுக்கடிகாரங்கள் தரையிலுள்ள கடிகாரங்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோநொடி முந்திச் செல்லும். இதனைத் திருத்தாவிடில் ஒரே நாளில் சுமார் 10 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும். லாரி ஓட்டும் தொழிலாளிக்கு வழிகாட்டும் கருவிக்குள் காலவெளியின் வளைவு கணக்கிடப்பட்டிருக்கிறது.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகங்கள் முதன்முறையாக ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தன. சுமார் 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு கருந்துளைகள் மோதி ஒன்றாயின. ஏறத்தாழ மூன்று சூரியன்களின் நிறைக்கு ஈடான ஆற்றல் காலவெளியின் அதிர்வாகப் பரவியது. 4 கிலோமீட்டர் நீளமுள்ள கருவிக் கரங்கள் புரோட்டானின் விட்டத்தைவிட மிகச் சிறிய அளவுக்கு நீண்டு சுருங்கின. குலைவுற்ற கருந்துளை, அடிக்கப்பட்ட மணிபோல் அதிர்ந்து அடங்கும் என 1970ஆம் ஆண்டே கணித்துக் காட்டியவர் இந்திய இயற்பியலாளர் சி.வி. விஸ்வேஸ்வரா. கணிதக் குறியீடு ஆற்றலைச் சுமந்து வராது. காலவெளி சுமந்து வந்தது.

காலவெளியே இன்னும் ஆழமான ஒன்றிலிருந்து தோன்றியதாக இருக்கலாம் எனக் குவாண்டம் ஈர்ப்பு ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். அதனால் அது பொய்யாகிவிடாது. வெப்பம் மூலக்கூறுகளின் இயக்கமே என அறிந்த பின்னரும் உலை சுடுகிறது.

இடதுசாரிகளுக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. 1950களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்தில் தத்துவவாதிகள் சிலர் சார்பியல் கோட்பாட்டையே கருத்துமுதல்வாதம் எனக் கண்டித்தனர். அறியாமையிலிருந்து பிறந்த அவ்விமர்சனத்தை 1953ஆம் ஆண்டு எதிர்த்து எழுதியவர் இயற்பியலாளர் விளாதிமிர் ஃபோக். அவரும் இயக்கவியல் பொருள்முதல்வாதியே. இயற்கை எப்படி இருக்க வேண்டும் என்று தத்துவம் ஆணையிட முடியாது.

அவ்வாறு ஆணையிட அரசியல் அதிகாரத்துக்கும் உரிமை இல்லை. 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டு மேடையில், நியூட்டனும் ஐன்ஸ்டீனும் தவறியவர்கள் என்றும், ஈர்ப்பு அலைகள் ‘நரேந்திர மோடி அலைகள்’ எனப் பெயர் பெறும் என்றும் பேசப்பட்டது. அறிவியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக்கியுள்ளது.

மனித விருப்பத்தைச் சாராத உலகம் ஒன்று உண்டு என்பதே அம்மனப்பான்மையின் அடித்தளம். அதிகாரத்தில் இருப்போரின் சொல்லை அந்த உலகின் முன் நிறுத்திச் சோதிக்கும் உரிமை உழைக்கும் மக்களுக்கு அங்கிருந்தே கிடைக்கிறது. காலவெளி மெய்யா என்னும் கேள்வி பாட்டாளி வர்க்கத்தின் கேள்வியும் ஆவது இதனால்தான், தோழர்களே!